உடம்பைப் பற்றிக் குறுங்கவிதை எழுத எங்கே தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இது: "மனித உடம்பை வைத்துச் சின்னச் சின்னக் கவிதைகள் எழுத ஆசை. கண், கை, இதயம் என்று எதை எடுத்தாலும் ஒன்று சினிமாப் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது, இல்லையென்றால் அறிவியல் பாடம் மாதிரி ஆகிவிடுகிறது. என் அம்மா முப்பது வருடமாக இட்லிக்கடை வைத்திருக்கிறார். கொதிக்கக் கொதிக்க இட்லித் துணியை வெறும் கையால் உரிப்பார். அவர் கையைப் பற்றி எழுதிப் பார்த்தேன்: 'அம்மாவின் கைகள் / அன்பின் ஆலயங்கள் / அதில் எரியும் தீபம் / என் வாழ்க்கை.' எனக்கே பிடிக்கவில்லை. எங்கே தப்பு நடக்கிறது?"

முதல் வரி வரைக்கும் எந்தத் தப்பும் இல்லை. இரண்டாவது வரியில் கை காணாமல் போய்விட்டது. அது இருந்த இடத்தில் கோயில் வந்தது, அப்புறம் தீபம் வந்தது, கடைசியில் உங்கள் வாழ்க்கை வந்தது. சூடு பழகிய அந்தக் கை, துணியைப் பிடித்து உரிக்கிற கை, கவிதைக்குள் வரவே இல்லை. அது உங்கள் கேள்விக்குள்ளேயே நின்றுவிட்டது. நானும் பல வருடம் இப்படித்தான் எழுதினேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். உறுப்பை வர்ணிக்க உட்காராதீர்கள். ஓர் உறுப்பு ஒரு தருணத்தில் என்ன செய்தது என்று எழுதுங்கள். அது எதைக் குறிக்கிறது என்பதை உடம்பே சொல்லிவிடும்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் இதற்கென்றே மெய்ப்பாட்டியல் என்று தனி இயல் இருக்கிறது. மெய் என்றால் உடம்பு. மெய்ப்பாடு என்றால் உள்ளே இருப்பது உடம்பில் வெளிப்படுவது. நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று எட்டைச் சொல்கிறார்கள். பயம் என்பது மனசுக்குள் இருக்கிற ஏதோ ஒன்று. அது நடுக்கமாகவோ வியர்வையாகவோ மயிர்க்கூச்சமாகவோ தோலுக்கு வந்தால்தான் பிறர் கண்ணுக்குத் தெரியும். கவிதைக்கும் அப்போதுதான் தெரியும். நம் மொழியில் உடம்புக்கும் உண்மைக்கும் க், ங், ச் என்ற எழுத்துகளுக்கும் மெய் என்ற ஒரே பெயர்தான் என்பதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உயிர் வந்து ஏறினால்தான் மெய் ஒலிக்கிறது.

புறநானூற்றின் 188-ஆம் பாட்டைப் பாருங்கள், பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. குழந்தை சாப்பிடுகிறது. "குறுகுறு நடந்து சிறுகை நீட்டி, இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும், நெய்யுடை அடிசில் மெய்பட விதிர்த்தும்." அந்தக் கைக்கு அவர் கொடுத்த அடைமொழி "சிறு" என்ற ஒன்றுதான். தாமரைக் கை, தளிர்க் கை என்றெல்லாம் கிடையாது. மீதி எல்லாம் வினைச்சொல்: நடந்து, நீட்டி, இட்டு, தொட்டு, கவ்வி, துழந்து (துழாவி), விதிர்த்து (சிதறி). சோறு தட்டிலிருந்து தரைக்கும் வாய்க்கும் வயிற்றுக்கும் போகிற வழி முழுக்க நமக்குத் தெரிகிறது. அந்தப் பிள்ளையை உடனே தூக்கிக் கழுவிவிட வேண்டும் போல இருக்கிறது.

நம்மிடம் இன்னொரு மரபும் உண்டு: பாதாதிகேசம், கேசாதிபாதம். அடி முதல் முடி வரை, அல்லது முடி முதல் அடி வரை, ஒவ்வோர் உறுப்பாக வர்ணித்துக்கொண்டே போவது. தெய்வத்தைப் பாடுவதற்கும் நீண்ட பாட்டுக்கும் அது பொருந்தும். நாலு வரிக் கவிதைக்கு அது ஆகவே ஆகாது. முகம் நிலா, கண் மீன், கழுத்து சங்கு என்று அடுக்குகிற பழக்கம் அங்கிருந்துதான் சினிமாப் பாட்டுக்கு வந்தது, உங்கள் கைக்கும் வந்துவிட்டது. அதை முதலில் இறக்கி வையுங்கள்.

சரி, எப்படி எழுதுவது என்பதை என்னுடைய ஒரு கவிதையை வைத்தே காட்டுகிறேன். எங்கள் ஆச்சி பாம்படம் போட்டிருந்தவர். திருநெல்வேலிப் பக்கம் பழைய ஆச்சிகளைப் பார்த்திருந்தால் தெரியும், கனமான அந்தத் தங்க நகை தொங்கித் தொங்கிக் காதுச் சோணை தோள் வரைக்கும் இறங்கிவிடும். மாமா படிப்புக்காக ஆச்சி அதை விற்றார்கள். அதற்கு அப்புறம் அந்தக் காது வெறுமனே ஒரு வளையமாகத் தொங்கியது. நான் முதலில் எழுதியது இது:

காலம் என்னும் கள்வன்
ஆச்சியின் செவிகளில்
கண்ணீர்க் கதை எழுதினான்.
தங்கம் போனது
தாய்மை போகவில்லை.

இதில் காது எங்கே இருக்கிறது? செவி என்ற சொல் இருக்கிறது, அவ்வளவுதான். ஆச்சியைத் தெரியாத ஒருவர் இதைப் படித்தால் அவர் கண் முன்னால் எதுவுமே வராது. "காலம் என்னும் கள்வன்" யாரும் எழுதக்கூடிய வரி. ஒரு வருடம் கழித்துத் திருத்தினேன்:

பாம்படத்தை விற்றுத்தான்
மாமாவைப் படிக்க வைத்தாள் ஆச்சி.
இப்போது அவள் காது
வெறுமையாய்த் தொங்குகிறது
அவள் வாழ்க்கையைப் போல.

காது வந்துவிட்டது. பாம்படமும் வந்துவிட்டது. ஆனால் கடைசி வரி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஆச்சி வாழ்க்கை வெறுமை என்று யார் சொன்னது? கடைசி வரைக்கும் ஊரில் பாதிப் பேருக்குப் பஞ்சாயத்து பண்ணியவர்கள் அவர்கள். கவிதையை முடித்துவைக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு பொய் சொல்லிவிட்டேன். உடம்பைப் பற்றிய கவிதைகளில் இது அடிக்கடி நடக்கும். சுருக்கம் என்றால் சோகம், நரை என்றால் தனிமை, வெறுங்காது என்றால் வெறும் வாழ்க்கை என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம்.

அப்புறம் ஒருநாள் ஆச்சியோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். யாரோ வாசலில் கூப்பிட்டார்கள். ஆச்சி சட்டென்று திரும்பினார்கள். முகம் திரும்பி நின்ற பிறகும் அந்தக் காது ஓர் ஆட்டம் ஆடி நின்றது. கனம் போய்விட்டது, ஆனால் ஆட்டம் போகவில்லை. அதற்காக நான் எந்த உவமையும் தேட வேண்டியிருக்கவில்லை:

பாம்படம் விற்றாயிற்று.
ஆச்சி திரும்பிப் பார்க்க,
ஒரு நொடி பிந்தித்
திரும்புகிறது
காது.

இது பெரிய கவிதை என்று சொல்ல வரவில்லை. ஆனால் இது அந்தக் காதைப் பார்த்தவன் எழுதியது என்று படிக்கிறவருக்குத் தெரியும். மாமா படிப்பு வெளியே போய்விட்டது, அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் "விற்றாயிற்று" என்ற ஒரு சொல்லில் ஏதோ ஒரு தேவை இருந்தது என்பது வந்துவிடுகிறது. கல்யாணமோ, வைத்தியமோ, படிப்போ, படிக்கிறவர் தன் வீட்டு ஆச்சியிடமிருந்து எடுத்து நிரப்பிக்கொள்வார்.

ஒன்று கவனியுங்கள், "காது" என்பதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். தமிழில் வினை கடைசியில் வருவதுதான் இயல்பு. அதை மாற்றிப் பெயர்ச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளினால் ஒரு சின்ன அதிர்வு கிடைக்கும். இங்கே காது தாமதமாகத் திரும்புகிறது, சொல்லும் தாமதமாக வருகிறது, அதனால் செய்தேன். ஆனால் குறுங்கவிதை எழுதுகிற பலர் காரணமே இல்லாமல் எல்லாக் கவிதையையும் இப்படி ஒரு பெயர்ச்சொல்லைத் தொங்கவிட்டு முடிக்கிறார்கள். பத்து கவிதை சேர்ந்தாற்போல் படித்தால் சலித்துவிடும். தேவை இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

அடுத்தது, உங்கள் இரண்டாவது பிரச்சினை: அறிவியல் பாடம் மாதிரி ஆகிவிடுவது. அறிவியலை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். எனக்குப் பல கவிதைகள் அங்கிருந்துதான் கிடைத்திருக்கின்றன. ஆனால் தகவல் கவிதைக்கு அடியில் இருக்க வேண்டும், மேலே மிதக்கக்கூடாது. வளர்ந்த மனிதருக்கு 206 எலும்பு, இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது என்பதையெல்லாம் அப்படியே வரி பிரித்து எழுதினால் அது பொது அறிவுக் குறிப்புதான். எண்ணைப் பார்த்து வியப்பது வேறு, ஓர் ஆளைப் பார்த்து நெகிழ்வது வேறு.

இதோ ஒரு தகவல்: பிறந்த குழந்தை முதல் சில வாரங்களுக்கு அழும்போது கண்ணீர் வழியாது, சத்தம் மட்டும்தான். இன்னொரு தகவல், இது பெற்ற தாய்மார் எல்லோருக்கும் தெரிந்தது: குழந்தை அழுகிற சத்தம் காதில் விழுந்தாலே பால் சுரந்துவிடும். இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதினால் பாடம். ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறையில் வைத்தால்:

கண்ணீர் வராத
பச்சைப்பிள்ளை அழுகை.
அடுத்த அறையில்
நனைகிறது
ரவிக்கை.

கை நகம் மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் வளரும். அடியில் ஏற்பட்ட காயம் நுனிக்கு வந்து வெட்டுப்பட ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அதாவது நகம் ஒரு நாட்காட்டி. இந்தக் கணக்கு தெரிந்த பிறகு எழுதியது:

அப்பா இறந்த வாரம்
கதவிடுக்கில் நசுங்கிய நகம்.
இன்று நகவெட்டியில் வந்தது
கடைசிக் கறுப்பு.

மூன்று மில்லிமீட்டரும் ஆறு மாதமும் கவிதையில் இல்லை. அவை தெரியாமல் இதை எழுதியிருக்கவும் முடியாது. இடது நுரையீரல் வலதைவிடச் சிறியது, இதயத்துக்கு இடம் விட்டு ஒரு பக்கம் குழிந்திருக்கிறது என்பதும் அருமையான செய்தி. கண்ணின் முன்பக்கம் இருக்கிற கார்னியாவில் ரத்தக்குழாயே கிடையாது, காற்றிலிருந்து நேராக ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்பதும் அப்படித்தான். இவற்றை வைத்து நீங்கள் எழுதிப் பாருங்கள். நுரையீரலை வைத்து நான் எழுதியது எதுவும் இன்னும் தேறவில்லை. மூவர் இருக்கையில் ஒருவர் ஒதுங்கி உட்காருவது வரை வந்தேன், அதற்கு மேல் நகரவில்லை.

தகவலைவிடப் பெரிய சுரங்கம் நம் சொற்கள். உடம்புக்குத் தமிழில் இருக்கிற பெயர்களை ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். கணுக்காலில் கரும்பின் கணு இருக்கிறது. கெண்டைக்காலில் கெண்டை மீன் நீந்துகிறது. நகக்கண் என்கிறோம், நகத்துக்கும் கண் வைத்திருக்கிறோம். நெஞ்சுக்குழி, தொண்டைக்குழி, கன்னக்குழி என்று எத்தனை பள்ளங்கள். கண்ணின் நடுவில் இருப்பதைப் பாவை என்கிறோம். பாவை என்றால் பொம்மை, பெண். எதிரில் இருப்பவர் உருவம் சின்னதாக அதில் தெரிவதைக் கவனித்தால் ஏன் அந்தப் பெயர் என்று உங்களுக்கே தோன்றும். திருக்குறளில் 1123-ஆவது குறள் முழுக்க இந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது: கருமணியில் இருக்கிற பாவையே, நீ கிளம்பு, நான் விரும்புகிறவளுக்கு இங்கே இடம் இல்லை என்கிறான் காதலன். ஏழே சீர். உறுப்பின் பெயருக்குள் ஒளிந்திருந்த பெண்ணைப் பார்த்ததும் கவிதை முடிந்துவிட்டது.

அளவுச் சொற்களும் உடம்பிலிருந்து வந்தவைதான்: சாண், முழம், பிடி, சிட்டிகை, விரற்கடை. இன்றைக்கும் பூ விற்பது முழக்கணக்கில்தான், அந்த முழம் பூக்காரம்மாவின் முழங்கை.

கூன் விழுந்துவிட்டது
பூக்காரம்மாவுக்கு.
முழம் மட்டும்
குறையவே இல்லை.

நோய்க்கும் தேய்வுக்கும் மக்கள் வைத்திருக்கிற பெயர்களை விட்டுவிடாதீர்கள். பித்தவெடிப்பு, சேற்றுப்புண், ஆணிக்கால், வேர்க்குரு, தேமல், பாலுண்ணி, கை காய்ப்பு. "சேற்றுப்புண்" என்று எழுதினாலே வயலும் தண்ணீரும் நாற்றும் நாள் முழுக்கக் குனிந்த முதுகும் வந்துவிடும். "பாதத்தில் காயம்" என்று எழுதினால் எதுவும் வராது.

மரபுத்தொடர்களும் அப்படித்தான். தோள் கொடுத்தல், வயிறு எரிதல், தலைமுழுகுதல், வாய் நீளுதல் என்று நாம் பேசுவதில் பாதி உடம்புதான். பேசிப் பேசி அந்த உடம்பு தேய்ந்துபோயிருக்கும். அதை மறுபடி நிஜமான கையாக, நிஜமான வயிறாகப் பார்த்தால் கவிதை கிடைக்கும். அவசரத்துக்கு வாங்குகிற சின்னக் கடனைக் கைமாற்று என்கிறோம்.

கைமாற்றாக வாங்கினார்.
கொடுத்த கை மறந்துவிட்டது.
வாங்கிய கை
எதிரே வரும்போதெல்லாம்
வேட்டியைச் சரிசெய்கிறது.

இது என் தெருவில் நான் பார்த்தது. அவர் என்னைக் கண்டதும் வேட்டி நுனியைத் தேடுவார். கூச்சம் என்ற சொல்லை நான் எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியமும் வரவில்லை.

இனி ஓசை. நிறையப் பேர் கவனிக்காத விஷயம் இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். கவிதையைப் படிக்கிறவருக்கும் உடம்பு இருக்கிறது. வாய்விட்டுப் படித்தால் அவர் நாக்கும் உதடும் அண்ணமும் வேலை செய்கின்றன. எந்த எழுத்து எங்கே பிறக்கிறது என்று சொல்லத் தொல்காப்பியம் பிறப்பியல் என்றே ஓர் இயல் வைத்திருக்கிறது. ப, ம சொல்ல இரண்டு உதடும் ஒட்டியாக வேண்டும். வ சொல்ல மேல்பல்லும் கீழுதடும் சேர வேண்டும். இப்போது துறவு அதிகாரத்தின் முதல் குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: "யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்." உதடு ஒரு தடவைகூட ஒட்டாது. எதிலிருந்து விலகுகிறாயோ அதனால் துன்பம் இல்லை என்று சொல்கிற குறளில் உதடுகளே ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கின்றன. அதே அதிகாரத்தின் கடைசிக் குறள்: "பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு." ஒவ்வொரு பற்றுக்கும் உதடு ஒட்டி ஒட்டிப் பிரிகிறது. பொருள் காதில் விழுவதற்கு முன்பே வாயில் நடந்துவிடுகிறது.

இதைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். பிரிவைப் பற்றி ப, ம, வ இல்லாமல் ஒரு கவிதை எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தது:

நீ கையசைத்தாய்.
ரயில் நகர்ந்தது.
கடைசிச் சன்னலில்
யாரோ ஒரு குழந்தை
இறங்காத எனது கைக்குக்
கையசைத்தது.

இதில் "என்" போட வேண்டிய இடத்தில் "எனது" போட்டது ஓசைக்காக. குழந்தையும் இந்தக் கட்டுப்பாட்டால்தான் வந்தது. முதலில் "பெண்" என்று எழுதத் தோன்றியது, உதடு ஒட்டும் என்று தவிர்த்தேன். குழந்தை வந்ததும் கவிதை வேறு இடத்துக்குப் போய்விட்டது. சின்னக் கட்டுப்பாடு ஒன்று வைத்துக்கொண்டால் பழகிய சொல்லுக்குக் கை போகாது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

வடிவம் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 1916-இல் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியதிலிருந்து ஹைக்கூ நமக்குத் தெரியும். தமிழில் மூன்று வரி என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அசைக்கணக்கைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம். ஹைக்கூவில் பருவத்தைக் குறிக்கும் சொல் ஒன்று இருக்க வேண்டும் என்பது அங்கே மரபு. அதே அளவில் பருவம் இல்லாமல் மனிதர்களைப் பற்றி எழுதினால் சென்ரியு. உடம்பைப் பற்றி எழுதுகிறவர்கள் சென்ரியுவைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம். நான் வைத்துக்கொண்டிருக்கிற கணக்கு பதினைந்து சொல்லுக்குள், ஆறு வரிக்கு மிகாமல். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் நான் விளக்கம் சொல்லத் தொடங்கியிருப்பேன்.

ஜப்பான் பேச்சு வந்ததால் ஓர் இருமலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒசாகி ஹோசாய் என்ற கவிஞர் கடைசிக் காலத்தில் ஒரு தீவில் சின்னக் குடிலில் தனியாக இருந்து, 1926-இல் நோயில் இறந்தார். அவருடைய ஒரு கவிதை ஜப்பானிய மொழியில் ஒன்பது அசைதான். தமிழில் சொன்னால் "இருமினாலும் தனியே" என்று வரும். அவ்வளவுதான் கவிதை. இருமினால் யாராவது "என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டும், தண்ணீர் கொண்டுவர வேண்டும். யாரும் இல்லை. தனிமையை இதைவிடச் சின்னதாகச் சொன்ன யாரையும் நான் படித்ததில்லை.

நம்மிடமும் ஓர் இருமல் இருக்கிறது. புறநானூற்றில் 243-ஆம் பாட்டு. சின்ன வயதில் மருத மரத்துக் கிளையிலிருந்து மடுவில் துடுமெனக் குதித்து, ஆழத்துக்குப் போய் மணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டிய அந்த இளமை இப்போது எங்கே என்று ஒரு கிழவர் கேட்கிறார். இப்போது அவர் பூண் பிடித்த தடியை ஊன்றி, நடுங்கி, "இருமிடை மிடைந்த சிலசொல்" பேசுகிறவர். இருமலுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு வருகிற சில சொற்கள். அந்தத் தடியை வைத்தே அவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் நின்றுவிட்டது. பல தடவை படித்த பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது: அன்றைக்கு மடுவின் அடி வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனதும், இன்றைக்கு ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சுப் போதாமல் இருமுவதும் ஒரே நெஞ்சு. நுரையீரல் என்றோ மூச்சு என்றோ பாட்டில் ஒரு சொல் கிடையாது. முதுமையை ஓர் உறுப்பின் வழியாக, அந்த உறுப்பின் பெயரையே சொல்லாமல் எழுதியிருக்கிறார்.

பெயரைச் சொல்லாமல் உடம்பைக் கொண்டுவருவது கைவந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். மசாவோகா ஷிகி என்ற ஜப்பானியக் கவிஞர், 1902-இல் 34 வயதில் இறந்தவர், முதுகெலும்பில் காசநோய் வந்து வருடக்கணக்காகப் படுக்கையில் கிடந்தார். அவருடைய கவிதை ஒன்றின் பொருள் இவ்வளவுதான்: பனி எவ்வளவு ஆழம் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். இதில் முதுகும் இல்லை, வலியும் இல்லை, படுக்கையும் இல்லை. எழுந்து போய்ப் பார்க்க முடிந்தவன் ஒரு தடவைகூடக் கேட்க மாட்டான் என்பது மட்டும் இருக்கிறது.

எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். பிறர் உடம்பை எழுதும்போது கொஞ்சம் நின்று யோசியுங்கள். குண்டு, குட்டை, கறுப்பு, திக்குவாய், வழுக்கை என்று ஒருவர் உடம்பைச் சிரிப்புக்கு எடுத்துக்கொள்கிற கவிதை எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை. அந்த உடம்பில் குடியிருப்பவர் அதைப் படிப்பார். நோயாளியைப் பற்றி எழுதினால், அவர் நம் வீட்டு ஆளாகவே இருந்தாலும், அவரிடம் படித்துக் காட்ட முடியுமா என்று பார்க்கிறேன். முடியாது என்று தோன்றினால் அது என் நோட்டிலேயே இருந்துவிடும். பெண்ணுடம்பை ஆண்கள் எழுதுவதில் நூற்றுக்குத் தொண்ணூறு வெளியே நின்று பார்ப்பதாகவே இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், தொடங்கும்போது நீங்கள் குடியிருக்கிற உடம்பிலிருந்து தொடங்குங்கள். உங்கள் தழும்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஓர் இடம், கூட இருந்த ஓர் ஆள் இருக்கும். எனக்கு அப்படி முதலில் கிடைத்தது தடுப்பூசித் தழும்பு:

அம்மாவின் இடத்தோளிலும்
என் இடத்தோளிலும்
ஒரே அளவுப் பள்ளம்.
அழுதது
வேறு வேறு மடியில்.

இதை எழுதிய பிறகுதான் அம்மாவும் ஒருநாள் யார் மடியிலோ கிடந்து வீறிட்டிருப்பார் என்பது எனக்கு உறைத்தது.

பழக்கத்துக்கு என்ன செய்யலாம்? ஒரு வாரத்துக்கு ஓர் உறுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் குதிகால் என்றால் பேருந்தில், கோயில் வாசலில், ரேஷன் கடை வரிசையில் எல்லாம் குதிகாலை மட்டும் பாருங்கள். அன்றன்று பார்த்ததை உரைநடையில் இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள், கவிதையாக எழுத முயலவே வேண்டாம். வாரக் கடைசியில் படித்துப் பார்த்தால் ஏதாவது ஒன்று விடாமல் உறுத்தும். அதை மட்டும் எடுத்து எழுதுங்கள். எழுதிய பிறகு "போல" வருகிற வரியையும், அன்பு, காலம், வாழ்க்கை, தியாகம் என்ற சொற்கள் வருகிற வரியையும் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். மீதி நின்றால் மறைத்ததை அடித்துவிடுங்கள். மீதி நிற்கவில்லை என்றால் இன்னும் நீங்கள் போதுமான அளவு பார்க்கவில்லை, திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

உங்கள் அம்மா கைக்கு வருகிறேன். ஆலயத்தையும் தீபத்தையும் எடுத்துவிட்டால் உங்களிடம் மீதி இருப்பது அந்த ஒரு செய்கை: ஆவி பறக்கிற துணியை வெறும் கையால் உரிப்பது. அதுவே போதும். நாளைக்குக் காலையில் முதல் ஈடு இறக்கும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். எதுவும் பேச வேண்டாம். தண்ணீர் தெளிக்கிறது எந்தக் கை, துணியின் ஓரத்தை முதலில் தொடுகிறது எந்த விரல், இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறாரா, சூடு பட்ட விரலை அப்புறம் எங்கே கொண்டுபோய் வைக்கிறார், சேலையிலா, காதுச் சோணையிலா, இல்லை நேராக அடுத்த தட்டுக்கே போய்விடுகிறதா என்று பாருங்கள். பார்த்ததை எழுதி அனுப்புங்கள்.